கரிசலாங்கண்ணி: நான் பண்ண தப்பை நீங்களும் பண்ணாதீங்க

போன வாரம் எங்க தெருப் பையன் ஒருத்தன் பை நிறைய இலையோட வந்து நின்னான், "அண்ணா, கரிசலாங்கண்ணி கிடைச்சிருச்சு, தலைக்கு எண்ணெய் காய்ச்சப்போறேன்"னு. பையைத் தொறந்தா பளபளன்னு இலை, பெரிய மஞ்சப் பூ. எனக்கு பக்குன்னு ஆயிருச்சு. அதான் எழுதுறேன். நல்லா கழுவுங்க, அடிபிடிக்காம கிண்டுங்கங்கிறதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடுறேன்.

மஞ்சப் பூ பூத்ததெல்லாம் கரிசாலை இல்ல

வயல் வரப்புலயும் வாய்க்கா ஓரத்துலயும் ஈரம் கண்ட எடத்துல தானா மொளைக்கிறது வெள்ளைக் கரிசாலை, கையாந்தகரைன்னும் சொல்லுவாங்க. சட்டை பட்டன் அளவுக்குத்தான் பூ. இலையைத் தடவுனா சொரசொரன்னு இருக்கும். உள்ளங்கையில கசக்கி கொஞ்ச நேரம் விட்டா சாறு கறுத்துப்போயிரும், கண் மைக்கும் அந்தக்காலத்துல பச்சை குத்துறதுக்கும் இதைத்தான் எடுத்தாங்க.

மஞ்சக் கரிசாலைன்னு ஒண்ணு நெசமாவே இருக்கு, பொற்றலைக் கையான்னு சித்த வைத்தியத்துல பேரு. வள்ளலார் கரிசாலையை அவ்ளோ ஒசத்தியா சொல்லியிருக்காரேன்னு, நானும் அந்த மஞ்சளைத் தேடி ஒரு நர்சரிக்குப் போனேன். இதுதான் சார்னு 20 செடி கொடுத்தாங்க. வாங்கிட்டு வந்து வாய்க்கா ஓரமா நட்டுட்டு ரெண்டு வருஷம் அதுல எண்ணெய் வேற காய்ச்சி சொந்தக்காரங்களுக்கெல்லாம் பாட்டில் பாட்டிலா கொடுத்தேன், இப்ப நெனைச்சாலும் வெக்கமா இருக்கு.

அது கரிசாலையே இல்ல. அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதியிலேர்ந்து அழகுக்குன்னு கொண்டாந்த படர்கொடி, ரோட்டு நடுவுல, பார்க்குல எல்லாம் பாய் விரிச்ச மாதிரி கெடக்கும் பாருங்க, அதேதான். உலகத்துலயே மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியல்ல இதுவும் இருக்கு. நான் அது தெரியாம மம்பட்டியால கொத்திக் கொத்தி எறிஞ்சேன், துண்டான ஒவ்வொரு கணுவும் வேர் விட்டு இன்னொரு கொடி ஆச்சு. அழிக்க மூணு வருஷம். காசில்லாம மொளைச்சிட்டிருந்த வெள்ளைக் கரிசாலை மொத்தமும் அதுக்கு அடியில போச்சு, காசு கொடுத்து களையை வாங்கிட்டு வந்த ஆளு நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்னு நெனைச்சா, இந்தா இந்தப் பையன்!

அடையாளம் சொல்றேன்: இலை மினுமினுன்னு, ஓரம் மூணா பிரிஞ்ச மாதிரி இருந்தா தொடாதீங்க. நெச மஞ்சக் கரிசாலைக்கு இலை நீளவாட்டுல, அப்படிப் பிரியாம இருக்கும்.

சாறை ஊத்தி அவசரமா எறக்குறது

தண்ணி நின்னா எண்ணெய் சிக்கு வாடை அடிச்சிரும். கசடைக் கொஞ்சம் எடுத்து நெருப்புல காட்டுங்க, சடசடன்னு பொரிஞ்சா இன்னும் ஆகலை.

சாக்கடை ஓரத்துல பறிக்கிறது

வேண்டாம்.

காமாலைக்கு நாமளே அரைச்சுக் குடிக்கிறது

மொதல்ல ரத்த டெஸ்ட், டாக்டர். அப்புறம் பேசலாம்.

அந்தப் பையன் பையை எங்க திண்ணையிலயே போட்டுட்டுப் போயிட்டான். ஒரு கணு மண்ணுல பட்டுறக்கூடாதுன்னு மொட்டை மாடியில காயப்போட்டிருக்கேன், சருகானதும் கொளுத்தணும்.