அமெரிக்காவில் தடுப்பூசி ஒவ்வாமைக்கு இழப்பீடு: மனுவைக் கெடுக்கும் தவறுகள்

அமெரிக்காவில் தடுப்பூசியால் கடும் ஒவ்வாமைக்கு உள்ளானவர் எடுத்த எடுப்பிலேயே மருந்து நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்கப் பார்ப்பது வீண். வழக்கமான தடுப்பூசிகளுக்கு, 1986ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய இழப்பீட்டுத் திட்டத்தின் கீழ், வாஷிங்டனிலுள்ள கூட்டாட்சி உரிமைக் கோரிக்கை நீதிமன்றத்தில்தான் முதலில் மனுச் செய்ய வேண்டும். அங்கே எதிர்மனுதாரர் நிறுவனம் அல்லர். கூட்டாட்சி அரசின் சுகாதாரத் துறைச் செயலர்.

ஒவ்வாமைக்கே உரிய கண்ணி வேறு. ஃப்ளூ, எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா), டெட்டனஸ் போன்ற ஊசிகளைப் போட்ட 4 மணி நேரத்துக்குள் அனாஃபிலாக்சிஸ் எனப்படும் உயிராபத்தான ஒவ்வாமை தோன்றினால், ஊசியே காரணம் என்று சட்டம் அனுமானித்துக்கொள்வதால், வழக்கில் வென்றுவிட்டதாகவே பலருக்குத் தோன்றும். ஆனால் பாதிப்போ அதன் பின்விளைவோ 6 மாதங்களுக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். இல்லையேல் மருத்துவமனையில் தங்கி அறுவைச் சிகிச்சையும் செய்திருக்க வேண்டும், அல்லது மரணம் நேர்ந்திருக்க வேண்டும். எபிநெஃப்ரின் என்னும் அவசர மருந்தை ஊசியாகப் போட்டதால் பிழைத்து இரண்டொரு நாளில் வீடு திரும்பியவர், சாவின் விளிம்புவரை போய் வந்திருந்தாலும், இந்த வரம்புக்குள் வரமாட்டார். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. விதி என்னவோ அதுதான்.

ஆகவே, பின்விளைவுகள் தொடரும்போது மருத்துவரிடம் போகாமல் வீட்டிலேயே பொறுத்துக்கொள்வது பெருந்தவறு. மருத்துவப் பதிவோ மருத்துவரின் கருத்தோ துணைநிற்காத வெறும் வாய்மொழியை ஏற்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஊசி போட்ட நேரமும் முதல் அறிகுறி தோன்றிய நேரமும் பதிவாகியுள்ளனவா என்பதையும் அப்போதே கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

தடுப்பூசிப் பக்கவிளைவுகளைப் பதிவுசெய்யும் வேர்ஸ் (VAERS) என்னும் கண்காணிப்பு அமைப்புக்குத் தகவல் அனுப்பியதையே மனுவாக எண்ணி இருந்துவிடக் கூடாது. அது இழப்பீடு வழங்கும் இடமன்று. மனுவுக்கான 3 ஆண்டுக் கெடு, நோய் உறுதிசெய்யப்பட்ட நாளிலிருந்து அல்ல, முதல் அறிகுறி தோன்றிய நாளிலிருந்து ஓடுகிறது. மரணமெனில், இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள்ளும் முதல் அறிகுறியிலிருந்து 4 ஆண்டுகளுக்குள்ளும் மனுச் செய்தாக வேண்டும்.

செலவுக்கு அஞ்சி வழக்கறிஞரைத் தவிர்ப்பதும் தேவையற்றது. நல்லெண்ணத்தோடும் நியாயமான அடிப்படையோடும் தொடுத்த மனு தோற்றாலும், வழக்கறிஞரின் கட்டணத்தைத் திட்டமே தர இயலும். கோவிட் தடுப்பூசி இந்தத் திட்டத்துக்குள் வராது. அதற்கான தனித் திட்டத்தில் ஊசி போட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வழக்கறிஞர் கட்டணமும் கிடையாது.