மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் ஒரே மேட்டில்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் ஏர் ஓடாத கல்லாங்காடு நிறைய உண்டு. இளம் மாங்கன்றுகளுக்கு நடுவே சும்மா கிடக்கும் செம்மண்ணும் உண்டு. அங்கே வீட்டுச் சாப்பாட்டுக்கு ஐந்து, பத்து சென்ட் மானாவாரியாகப் பயிர் வைக்க, மக்காச்சோளம், கொடி அவரை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் நடும் முறை நன்றாகப் பொருந்தும். உழவு வேண்டாம், மண்வெட்டி போதும்.

இது வட அமெரிக்கப் பழங்குடிகளின் வேளாண்மை. 1620இல் மேஃப்ளவர் கப்பலில் அங்கே போய் பிளைமவுத்தில் குடியேறிய ஆங்கிலேயர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் முதல் பனிக்காலத்திலேயே இறந்தார்கள். மிஞ்சியவர்களுக்கு உழ மாடில்லை; அங்கே மாடு வந்து இறங்கியதே 1624இல்தான். 1621 வசந்தத்தில் டிஸ்குவாண்டம் என்ற பழங்குடி மனிதர் சொல்லிக் கொடுத்தபடி சுமார் 20 ஏக்கரில் மக்காச்சோளம் நட்டார்கள். அது விளைந்தது. அவர்கள் தங்கள் ஊர் வழக்கப்படி விதைத்த பட்டாணியோ பூவிலேயே வெயிலில் கருகிப்போனது. பிறகு காடு திருத்தியவர்கள் மரத்தை வெட்டக்கூட இல்லை. பட்டையைச் சுற்றிலும் உரித்து மரத்தைப் பட்டுப்போக விட்டு, நடுவே இப்படியே மேடு கூட்டி நட்டார்கள். மரத்துக்கும் கல்லுக்கும் நடுவே நடக்கூடிய முறை என்பதால்தான் நம் மாந்தோப்புக்கும் இது சரிப்படுகிறது.

ஆடி மழை ஒரு பாட்டம் இறங்கியதும் நாலடிக்கு நாலடி குழி எடுங்கள், முக்கால் அடி ஆழம். சென்ட்டுக்கு 27 குழி வரும். மாங்கன்றிலிருந்து ஐந்தடி தள்ளியே முதல் குழி இருக்கட்டும். பிளைமவுத்தில் குழிக்குள் உரமாக மீனைப் புதைத்தார்கள். அதைத் தோண்ட நாய்கள் வந்து பெரிய தொல்லையாகி, 1644இல் மாசசூசெட்ஸின் இப்ஸ்விச் ஊரில் மூன்று வாரத்துக்கு நாய்களின் ஒரு காலைக் கட்டிவைக்க உத்தரவே போட்டார்கள். இங்கே நாயோடு காட்டுப்பன்றியும் வரும். ஆகவே பச்சை மீன் வேண்டாம். குழிக்கு இரண்டு கிலோ நன்கு மக்கிய தொழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் போட்டு மண்ணோடு கலந்து மூடுங்கள்.

குழிக்கு நான்கு மக்காச்சோள விதை, ஒரு சாண் இடைவெளியில், இரண்டு அங்குல ஆழத்தில். ஐந்து சென்ட்டுக்கு 150 முதல் 200 கிராம் விதை போதும். இரண்டாம் வாரத்தில் நோஞ்சானைப் பிடுங்கி மூன்றை விடுங்கள். நீளமாக ஒரே வரிசை நடாதீர்கள், சதுரமாக நடுங்கள். மகரந்தம் காற்றில் பரவுவது. ஒற்றை வரிசையில் அது வெளியே போய்விடும், கதிர் பொக்கைப் பல்லாகத்தான் வரும்.

அவரையில்தான் பலர் கோட்டை விடுவார்கள். மக்காச்சோளத்தோடு சேர்த்தே ஊன்றினால் கொடி முந்திக்கொண்டு தண்டை வளைத்துச் சாய்த்துவிடும். பழங்குடிகள் மக்காச்சோளம் அரையடி வந்ததும் தங்கள் பீன்ஸை ஊன்றினார்கள். நம் கொடி அவரை அதைவிட முரட்டுக் கொடி, ஆகவே பயிர் முழங்கால் உயரம் வரட்டும். களை கொத்தி, தண்டைச் சுற்றி அரையடிக்கு மண் அணைத்த பிறகு, அப்படி எழுந்த மேட்டுக்கு ஒரு அவரை விதை மட்டும். கொடி கதிரைத் தாண்டினால் நுனியைக் கிள்ளிவிடுங்கள். தண்டு தடித்த, உயரமான ரகமாகப் பார்த்து வாங்குங்கள். குட்டை ரகம் தாங்காது. அவரை தழைச்சத்து கொடுக்குமே என்று உரத்தைக் குறைக்க வேண்டாம். வேர் முடிச்சில் சேருவதில் பெரும்பகுதி அடுத்த போகத்துக்குத்தான்.

இன்னொரு வாரம் கழித்துப் பூசணி, நாலு மேட்டுக்கு ஒரு கொடி. அதன் இலை படர்ந்தால் மண் காயாது, களையும் அடங்கும். நெருக்கி ஊன்றினால் உள்ளே கால் வைக்க இடமிருக்காது, புழு பார்க்கவும் முடியாது.

புழு பார்ப்பது கட்டாயம். 2018இல் இந்தியாவுக்குள் வந்த அமெரிக்கப் படைப்புழு மக்காச்சோளக் குருத்தைத்தான் தேடும். முளைத்த வாரத்திலிருந்தே இரண்டு நாளுக்கு ஒருமுறை காலையில் குருத்தைப் பிரித்துப் பாருங்கள். இலையில் கண்ணாடி போல் சுரண்டல், குருத்துக்குள் ஈர மரத்தூள் போல் எச்சம் இருந்தால் அதுதான். தலையில் கவிழ்ந்த ஒய் வடிவக் கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளி தெரியும். இலையில் முட்டைக் குவியலைக் கண்டால் நசுக்குங்கள். ஒன்பது பங்கு மணலில் ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து, குருத்துக்குள் ஒரு சிட்டிகை போடுங்கள்.

தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் போலக் காட்டை ஒட்டிய நிலமென்றால் மக்காச்சோளமே வேண்டாம். யானையும் பன்றியும் வரும், ஐந்து சென்ட்டைக் காவல் காத்துக் கட்டுப்படியாகாது.

கதிர் முற்றும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். மட்டை மஞ்சளானதும் கதிரைத் தண்டோடு மடித்துக் கீழ்நோக்கித் தொங்கவிடுங்கள். தண்ணீர் உள்ளே இறங்கிப் பூஞ்சணம் பிடிக்காது. கதிரை ஒடித்த பிறகு தட்டையை மாட்டுக்கு அறுத்துவிடாதீர்கள். அவரை பனிக்குத்தான் பூக்கும், கார்த்திகை மார்கழியில் அதற்குப் பந்தல் அந்தக் காய்ந்த தட்டைதான். தை கடைசியில் காய் ஓய்ந்ததும் தட்டையை அறுத்துக்கொண்டு, அவரை வேரை மண்ணிலேயே விட்டுவிடுங்கள். அடுத்த ஆடியில் அந்த மேடுகளில் கேழ்வரகு நாற்று நடலாம்.