கயிறு கட்டித் தேடுவது எப்படி

புதிதாக மெட்டல் டிடெக்டர் கையில் கிடைத்ததும் கால் போன போக்கில் நடப்பார்கள். பீப் கேட்ட இடத்தில் தோண்டுவார்கள், அப்புறம் இன்னொரு மூலைக்குத் தாவுவார்கள். பொழுதுபோக்குக்கு அது சரி. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் மோதிரத்தையோ கம்மலையோ தொலைத்துவிட்டு வருகிறவர்கள். அவர்களுக்கு நான் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: "இந்தாங்க", இல்லாவிட்டால் "இந்த இடத்தில் இல்லை, அடுத்த இடத்தைப் பார்க்கலாம்". இரண்டாவதைத் தயங்காமல் சொல்ல வேண்டும் என்றால் நிலத்தைக் கயிறு கட்டிப் பிரிக்காமல் முடியாது.

நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தொல்லியல் சின்னமாகப் பாதுகாக்கப்பட்ட இடம் என்றால் பக்கத்திலேயே போக வேண்டாம்.

முளைகள் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கட்டும். இரும்புக் கம்பியை அடித்துவைத்தால் ஓரத்துக்குப் போகும்போதெல்லாம் டிடெக்டர் அதைப் பார்த்தே கத்தும். இரும்பு முனை வைத்த பூட்ஸும் அப்படித்தான். செல்போனையும் காயிலை, அதாவது டிடெக்டரின் அடியில் இருக்கும் தட்டை, விட்டுத் தள்ளி வைத்துவிடுங்கள்.

முதலில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம். மூலைமட்டம் பார்க்கக் கொத்தனார் கணக்கே போதும்: மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர் அளந்து குறியிட்டால், இரண்டு குறிகளுக்கும் நடுவே 5 மீட்டர் வர வேண்டும். நான்கு முளையும் அடித்த பிறகு குறுக்களவு இரண்டையும் பாருங்கள், இரண்டும் 14.14 மீட்டரை ஒட்டி இருக்கும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் போகட்டும், நாம் என்ன வீடா கட்டப் போகிறோம்?

அந்தச் சதுரத்தை ஏர் ஓட்டுவது போலச் சால் சாலாகப் பிரிக்க வேண்டும். ஒரு சாலின் அகலம் 1 மீட்டர். எல்லாச் சாலுக்கும் கயிறு கட்டினால் காலில்தான் சிக்கும். இரண்டு கயிறு போதும்: ஒரு சால் முடிந்ததும் பின்னால் உள்ள கயிற்றை எடுத்து முன்னால் உள்ளதைத் தாண்டிப் போடுங்கள்.

ஒன்றரை மீட்டர் அகலத்துக்குக் கூடக் கை வீசலாமே, சாலின் அகலத்தையும் அவ்வளவே வைத்தால் என்ன என்று தோன்றும். வீசலாம்தான், ஆனால் வீச்சின் இரண்டு முனையிலும் காயில் நம்மை அறியாமலே மேலே எழும்பும். முனையில் 5 சென்டிமீட்டர் எழும்பினால் அங்கே தரைக்குள் 5 சென்டிமீட்டர் ஆழத்தை இழந்துவிட்டோம். இதைக் கண்டுபிடிக்கவும் கயிறுதான் உதவும். அதைத் தரையோடு தரையாக இழுத்துக் கட்டி, ஒவ்வொரு வீச்சிலும் காயில் இரண்டு பக்கக் கயிற்றையும் ஒரு சாண் தாண்டிப் போகும்படி வீசுங்கள். காயிலுக்கும் கயிற்றுக்கும் நடுவே இடைவெளி கூடினால் கை தூக்குகிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்தால் தானாகச் சரியாகும்.

அடுத்தது முன்னே நகரும் அளவு. 11 அங்குலக் காயில் என்றால் சுமார் 28 சென்டிமீட்டர். வட்டத்துக்குள் வட்டமாகச் சுற்றிய கான்சென்ட்ரிக் காயிலின் காந்தப் புலம் ஆழம் போகப் போகக் குறுகிவிடும், அடியில் எட்டுவது நடுப்பகுதி மட்டும்தான். அதனால் ஒரு வீச்சுக்குப் பாதிக் காயில், அதாவது 14 சென்டிமீட்டர்தான் நகர வேண்டும். இரண்டு D எழுத்து வடிவச் சுருள்கள் முதுகோடு முதுகாக ஏறியிருக்கும் டிடி காயிலின் புலம் முன்னும் பின்னுமாக நீண்டிருப்பதால் சற்றுத் தாராளமாகப் போகலாம், ஆனால் நான் அதிலும் பாதிக் கணக்கை விடுவதில்லை. ஒரு சாலுக்கு 70 வீச்சு, பத்துச் சாலுக்கு 700. வீச்சுக்கு 2 நொடி என்றால் தோண்டாமல் 25 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதற்கா அலுத்துக்கொள்கிறார்கள்!

தோண்டாமல் என்றேன் அல்லவா? சிக்னல் கேட்டால் ஒரு பிளாஸ்டிக் வில்லையைப் போட்டுவிட்டு நடையைத் தொடருங்கள். உட்கார்ந்து தோண்டி எழுந்தால் எந்த வீச்சில் விட்டோம் என்பது மறந்துபோகும். அமெரிக்காவில் 1876-இல் சண்டை நடந்த லிட்டில் பிக்ஹார்ன் களத்தை 1984-இல் தொல்லியலாளர்கள் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் ஆகியோர் ஆய்வு செய்தபோதும் இதே முறைதான்: டிடெக்டர்காரர்கள் வரிசையாக நடந்து கொடி நட்டார்கள், தோண்டியதும் இடத்தைக் குறித்ததும் பின்னால் வந்த வேறு குழுக்கள்.

தேடுவது மோதிரம் என்றால், அதே மாதிரி இன்னொன்றை அவர்களிடம் வாங்கித் தரையில் வைத்து டிடெக்டர் திரை என்ன எண் காட்டுகிறது என்று முதலிலேயே பாருங்கள். தங்க மோதிரம் பெரும்பாலும் அலுமினியத் தாளும் கேன் மூடி வளையமும் விழுகிற எண்களிலேயே விழும். குப்பை என்று அந்த எண்களுக்குச் சத்தம் வராதபடி டிடெக்டரில் வடிகட்டிவிட்டால் மோதிரமும் சேர்ந்தே போகும். மெல்லிய சங்கிலி இன்னும் மோசம், கண்ணிகள் தனித்தனியாகத் தெரிவதால் சிக்னல் தேய்ந்துவிடும். கொக்கியோ டாலரோதான் காட்டிக்கொடுக்கும்.

வில்லை போட்ட இடங்களையெல்லாம் தோண்டிப் பார்த்து, குழியை மூடி, குப்பையை அள்ளிய பிறகு குறுக்குச் சால். கயிற்றை 90 பாகை திருப்பிக் கட்டி மறுபடி முழுச் சதுரமும். ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் நாணயம் ஒரு திசையில் ஆணியோடு ஒரே நேரத்தில் காயிலுக்கு அடியில் வந்து மறைந்துபோகும். மறு திசையில் வீசும்போது ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் தனிச் சத்தம் கேட்கும். குறுக்குச் சாலைச் சோம்பலில் விடுகிறவர்கள்தான் அதிகம். அதை விட்டால் "இல்லை" என்று சொல்லும் உரிமை போய்விடும் என்பது என் கட்சி.

நோட்டில் சதுரத்தை வரைந்து, முடித்த சாலை அடித்துவிடுங்கள். மூலைகளைச் செல்போன் ஜிபிஎஸ்ஸில் குறிப்பது இங்கே உதவாது. திறந்த வெளியிலேயே அது சில மீட்டர் தள்ளிக் காட்டும், நம் சாலோ 1 மீட்டர். சுவர் மூலை, மரம் என்று அசையாத இரண்டு இடத்திலிருந்து டேப்பில் அளந்து எழுதுங்கள்.

இரண்டு திசையிலும் பார்த்துக் கிடைக்கவில்லையா? மோதிரத்தைத் தொலைத்தவரிடம், கையை உதறியபோது எந்தப் பக்கம் பார்த்து நின்றார் என்று கேளுங்கள். அந்தப் பக்கத்து இரண்டு முளையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைப் பிடுங்கி, பழைய சதுரத்துக்குள் அரை மீட்டர் ஏறி நிற்கும்படி அடுத்ததைக் கட்டுங்கள்.