'சைன் ஆஃப்' என்றதும் பெட்டி கட்டாதீர்கள்

தொண்டி, கீழக்கரை, பாம்பன் பக்கமிருந்து இங்கிலாந்துக்கு வருகிற தம்பிகளுக்கு. ஜி.பி. என்கிற குடும்ப டாக்டரிடம் பதிவு, நேஷனல் இன்சூரன்ஸ் எண், பேங்க் கணக்கு எல்லாவற்றையும் வந்த வாரமே ஆரம்பித்துவிடுங்கள். அதைச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. இங்கே 'சைன் ஆஃப்' என்றால் என்ன அர்த்தம் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

கப்பலில் வேலை பார்த்தவருக்கு சைன் ஆஃப் என்றால் ஒப்பந்தம் முடிந்து இறங்குவது. கப்பல்காரரின் பணிப்பதிவான சி.டி.சி. புத்தகத்தில் தேதி விழுந்தால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். அப்படி வருஷக்கணக்கில் ஓடிய தொண்டிக்கார நண்பர் ஒருவர் இங்கே ஒரு கிடங்கில் சேர்ந்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டது. டாக்டர், "ரெண்டு வாரத்துக்கு உங்களை சைன் ஆஃப் பண்றேன்" என்று ஒரு தாளை நீட்டினார். வேலை போச்சு என்று மனுஷனுக்கு வயிறு கலங்கிவிட்டது. தாளை நாலாக மடித்து, பழைய சி.டி.சி. உறைக்குள் செருகிவிட்டு, மறுநாள் கிடங்கில் சரக்குப் பெட்டி தூக்கப் போய்விட்டார். அப்புறம் எழுந்திருக்கவே முடியவில்லை. ஊரில் படகு முதலாளியான சம்மாட்டியிடம் ஆள் விட்டுச் சொல்வதுபோல, கூட வேலை செய்பவனிடம் சொல்லி அனுப்பினார். அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆபீஸ் கணக்கில் இவர் சொல்லாமல் நின்றவர். சம்பளம் வெட்டு.

டாக்டர் கொடுத்தது மருத்துவ விடுப்பு. அந்தத் தாளுக்கு 2010 முதல் ஃபிட் நோட் என்று பெயர். நோயாளிக்குக் கொடுப்பதற்கு இப்படி ஒரு பெயரை யார் வைத்தார்களோ! 7 நாள் வரை உடம்பு சரியில்லை என்று நாமே எழுதிக் கொடுக்கலாம், அதற்கு மேல் இது வேண்டும். கைக்கு வந்த அன்றே போட்டோ எடுத்து மேலாளருக்கு அனுப்பிவிட்டு, அசலைப் பத்திரமாக வையுங்கள்.

சைன் ஆஃப் என்பதோடு 'இத்தனை வாரம்' என்று சேர்ந்து வந்தால் லீவு. பிசியோதெரபிக்காரர் வாரக்கணக்கு எதுவும் இல்லாமல் சொன்னால், சிகிச்சை முடிந்தது, இனி வர வேண்டாம் என்று பொருள். டைம்ஷீட்டை மேலாளர் சைன் ஆஃப் பண்ணினால் ஒப்புதல். உங்களையே ஒரு வேலையை சைன் ஆஃப் பண்ணச் சொன்னால் உஷார்: எல்லாம் சரியாக முடிந்தது என்று நீங்கள் பொறுப்பேற்கிறீர்கள். கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம், வேலையில் சேர்ந்ததை கப்பல் பழக்கத்தில் "போன மாசம்தான் சைன் ஆன் ஆனேன்" என்று இங்கே யாரிடமும் சொல்லாதீர்கள். வேலையில்லாதவர்களுக்கான அரசாங்க உதவிப் பணம் வாங்குகிறவர் என்று நினைப்பார்கள். நம் வேலை விசாவுக்குப் பெரும்பாலும் அந்தப் பணமே கிடையாது.