ஒரே தொட்டியில் இரண்டு ஆமைகள் கடித்துக்கொண்டால்

சிவப்புக் காது ஆமைகள் கூட்டமாக வாழ ஏங்குபவை அல்ல. 'தனியா இருந்தா பாவம்' என்று இன்னொன்றை வாங்கி விடுவது நம் ஆசைதான். ஏற்கெனவே இருக்கும் ஆமைக்குப் புதியது இடத்துக்குப் போட்டி.

ஒரு ஆமை தன் முன்கால் நகங்களை மற்றதன் முகத்துக்கு நேரே படபடவென்று ஆட்டுவதைப் பார்த்து 'கொஞ்சுது' என்று சிரிப்போம். வளர்ந்த ஆண் பெண்ணிடம் செய்தால் அது இணைசேர அழைப்பு. குட்டிகளும் இரண்டு ஆண்களும் செய்தால் பெரும்பாலும் அதிகாரம் காட்டுவதுதான். வாலையும் காலையும் கடிப்பது, வெயில் காயும் மேடையிலிருந்து ஒன்றை எப்போதும் தள்ளிவிடுவது இதன் அடுத்த கட்டம்.

உணவைத் தனித்தனி டப்பில் கொடுங்கள், சண்டை குறையும். வெயில் மேடை இரண்டு வேண்டும். ஓட்டின் நீளத்தில் ஒரு அங்குலத்துக்குச் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்பது ஒரு ஆமைக்கான கணக்கு. இரண்டு என்றால் இன்னும் பெரிய தொட்டி.

ரத்தம் வந்துவிட்டால் அன்றே பிரியுங்கள். நடுவில் கண்ணாடித் தடுப்பு போதாது, எதிரே தெரிந்துகொண்டே இருந்தால் மிரட்சி தீராது. மறைக்கும் தடுப்பு வையுங்கள், அல்லது வேறு தொட்டி. காயம் ஆழமென்றால் கால்நடை மருத்துவர்தான். வேண்டாத ஆமையைக் குளத்தில் மட்டும் விடாதீர்கள். அங்குள்ள நாட்டு ஆமைகளின் பிழைப்பைக் கெடுத்துவிடும்.