‘இன்னும் பத்து நிமிடம்தான்’: மலையேறப் புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர்க்காரர்களுக்கு மலை என்றால் கேப்பர் மலைதான். மத்தியச் சிறை இருக்கும் அந்தச் செம்மண் மேட்டை மலை என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு பெருமை. கடல் மட்டத்திலேயே வளர்ந்த கால்கள் திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையில் என்ன பாடுபடும் என்பதைப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போது மாதம் ஒருமுறை ஊர்ப் பிள்ளைகளைச் செஞ்சிக்கோ பர்வதமலைக்கோ அழைத்துப் போகிறேன். போன மாதம் வந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் நான் அன்று செய்த தவறுகளையே, அதே வரிசையில் செய்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், தொப்பி போடுங்கள் என்பதெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லி அனுப்புவார், அவற்றை விட்டுவிடுகிறேன்.

புதுக் காலணி

கூடாது. ஒரு மாதமாவது மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றிய காலணிதான் மலைக்கு.

திரும்பும் நேரத்தைக் குறிக்காமல் ஏறுவது

இந்த ஒன்றை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

பர்வதமலை சுமார் 4,500 அடி. தென்மாதிமங்கலம் வழியாக நாங்கள் நான்கு பேர் ஏறத் தொடங்கும்போது காலை பத்தரை. சித்திரை வெயில். ‘இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம்’ என்பதுதான் எங்கள் மொத்தத் திட்டம். பாறையில் அடித்த இரும்பைப் பிடித்து ஏறும் கடப்பாறைப் படிக்கு வந்தபோது மணி இரண்டரை. நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு பாட்டில் தண்ணீர்தான் மீதி. திரும்பியிருக்க வேண்டிய இடம் அது. எதிரே இறங்கி வந்த ஒருவர், “இதோ வந்துவிட்டது சாமி, இன்னும் பத்து நிமிடம்தான்” என்றார். இறங்குகிறவர்கள் எல்லா மலையிலும் இதைத்தான் சொல்வார்கள். நல்ல மனதோடு சொல்வது. ஒருமுறைகூட உண்மையாக இருந்ததில்லை. உச்சியில் இருக்கும் மல்லிகார்ஜுனர் சந்நிதிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தாகப் பத்து நிமிடம்.

இறங்கும் வழியில் இருட்டிவிட்டது. கையில் ஒரு செல்போன் வெளிச்சம் மட்டும். கடைசியாக வந்த நண்பனின் கணுக்கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே மடங்கியது. ஆளுக்கொரு தோள் கொடுத்து அடிவாரம் சேர்த்தபோது இரவு பதினொன்று. தினக்கூலி வேலையில் இருந்தவன், ஒன்றரை மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் கிடந்தான்.

ஏன் திரும்பவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். களைத்த தலை கணக்குப் போடாது. வந்த தூரமே மேலே போவதற்குக் காரணமாகிவிடும். அதற்கு மேல், உச்சி என்று நினைத்து ஏறும் முகட்டுக்குப் பின்னால் இன்னொரு முகடு நிற்கும். அதனால் முடிவை அடிவாரத்து டீக்கடையிலேயே, தலை தெளிவாக இருக்கும்போது எடுத்துவிட வேண்டும். ‘பதினொரு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புகிறோம்’ என்று நான் பேனாவால் உள்ளங்கையில் எழுதவைக்கிறேன். போன மாதம் பதினொரு மணிக்கு ஒரு தம்பி, “அண்ணா, உச்சி தெரிகிறது பாருங்கள்” என்றான். தெரிந்தது. திரும்பினோம். பஸ்ஸில் கடலூர் வரும்வரை அவன் என்னோடு பேசவில்லை.

1996 மே மாதம் எவரெஸ்ட்டில், திரும்ப வேண்டிய நேரம் கடந்த பிறகும் பலர் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டே இருந்தார்கள். புயல் பிடித்துக்கொண்டது, எட்டுப் பேர் இறந்தார்கள். அதே மாதம் 3ஆம் தேதி ஸ்வீடனைச் சேர்ந்த யோரான் க்ரோப், தன் நாட்டிலிருந்து நேபாளம் வரை சைக்கிளிலேயே வந்தவர், உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் கீழே நின்று, நேரமாகிவிட்டது என்று இறங்கினார். 23ஆம் தேதி மறுபடி ஏறி உச்சியைத் தொட்டார். அத்தனை தூரம் சைக்கிள் மிதித்து வந்த ஒருவரால் திரும்ப முடிந்திருக்கிறது. நமக்கென்ன?

இதையெல்லாம் சொல்லும் நான், பர்வதமலையில் அடிபட்ட பிறகும் ஊரில் அதே தவறைச் செய்தேன். திருப்பாதிரிப்புலியூரில் செல்போன் கடை வைத்திருந்தேன். முதல் ஆண்டே வாடகைக்குக்கூட வரவில்லை. ‘இன்னும் ஒரு தீபாவளி பார்த்துவிடலாம்’ என்று மூன்று தீபாவளி பார்த்தேன். இரண்டாவது தீபாவளிக்கு மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. ‘இத்தனை போட்டாயிற்றே’ என்ற எண்ணமும் ‘இத்தனை ஏறியாயிற்றே’ என்ற எண்ணமும் ஒரே குரலில் பேசுவது கடையை மூடிய பிறகுதான் காதில் விழுந்தது. இப்போது அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடமும் கடை போடுகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: எந்தத் தேதியில், எவ்வளவு பணம் போனால் நிறுத்துவாய்? தொடங்கும் நாளிலேயே எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடு. பெரும்பாலும் கோபித்துக்கொள்கிறார்கள். அபசகுனமாகப் பேசுகிறேனாம்.

முன்னால் போகிறவரைத் துரத்துவது

ஏறும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? முடியவில்லை என்றால் வேகம் அதிகம். அவர் வேகம் அவருக்கு.

இறங்குவதற்குப் பழகாமல் போவது

ஏறுவதற்கு எல்லோரும் பழகுகிறார்கள். மாடிப்படி ஏறி லிஃப்டில் இறங்குகிறார்கள்! இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும். பழகாத தசை அதில்தான் அதிகம் நோகும். போன மாதம் ஏணிப்படியில் ஒரு பெண்ணின் கால், தையல் இயந்திரத்து ஊசிபோல மேலும் கீழும் நடுங்கியது. அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கேப்பர் மலைச் சரிவு போதும். வாரம் மூன்று நாள் முதுகில் ஐந்து கிலோ பையோடு மெதுவாக இறங்கிப் பழகுங்கள். வேலை முடிந்துவிட்டது என்று மனம் தளர்வதும் இறங்கும்போதுதான். என் நண்பனின் கால் மடங்கியதும் கடினமான படிகளை எல்லாம் தாண்டிய பிறகு, கிட்டத்தட்ட சமதரையில்.

சங்கிலியைப் பிடித்தபடி செல்ஃபி

கீழே வந்து எடுத்துக்கொள்ளலாம். செங்குத்தான பாறையில் பிடித்து ஏறும் சங்கிலிக்கு இரண்டு கையும் வேண்டும்.