மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்து வையுங்கள்

எண்டோஸ்கோபிக்கு (கேமரா பொருத்திய குழாயை விட்டு இரைப்பை, குடலைப் பார்க்கும் பரிசோதனை) நாள் குறிக்கும்போதே, நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் போட்டுக்கொள்ளும் ஊசிகளையும் பெயர் தெரியும்படி போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அன்றைக்குக் காலையில் காட்டிப் பயனில்லை. குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தின் வேகம் குறையவே 5 முதல் 7 நாள் ஆகும். பாலிப்பை (உட்சுவரில் வளரும் சிறு சதை வளர்ச்சி) அகற்ற வேண்டியிருந்தால், ரத்தக்கசிவுக்குப் பயந்து டாக்டர் தேதியைத் தள்ளிவைக்கலாம். பெருங்குடல் பரிசோதனை என்றால், குடலைச் சுத்தம் செய்யக் குடித்த மருந்தெல்லாம் வீண். அந்த அவஸ்தையை இரண்டு முறை யார் படுவது? எடை குறைக்கப் போடும் செமாகுளுடைட் ஊசியையும் சொல்லுங்கள், அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் முக்கியமாக. ரத்த வாந்தி போன்ற அவசரம் என்றால் போட்டோவெல்லாம் அப்புறம், உடனே கிளம்புங்கள்.